வெறுந்தட்டு

கொடுப்பது பெரிதா, வாங்கிக்கொள்வது பெரிதா என்று கேட்டால், கொடுப்பதுதான் என்று யாரும் தயங்காமல் சொல்லிவிடுவார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். மேனாம்பேட்டில் ஒரு கிறிஸ்துமஸ் காலை அந்த எண்ணத்தைக் கலைத்துவிட்டது.

1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தொடங்கிய பிறகு, பல ஊர்க்காரர்களும் பிழைப்புத் தேடி வந்து குடியேறிய வட்டாரம் இது. எங்கள் அடுத்த வீட்டார் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள். டிசம்பர் பிறந்துவிட்டால் அந்த வீட்டு அம்மாளுக்கு உறக்கம் கிடையாது. முட்டையும் தேங்காய்ப்பாலும் விட்டுக் கரைத்த மாவில், எண்ணெயில் காய்ந்த அச்சை முக்கி எடுத்து அச்சுமுறுக்குச் சுடுவார். ஓவன் இல்லாத நாளிலேயே, கனத்த பாத்திரத்தில் மணலைப் பரப்பி, மாவுக் கிண்ணத்தை அதில் வைத்து, மூடியின் மேலும் தணலைக் கொட்டிக் கேக் செய்தவர் அவர். தீபாவளிக்கு எங்கள் வீட்டிலிருந்து அதிரசம் போகும். கிறிஸ்துமஸுக்கு அங்கிருந்து கேக்கும் முறுக்கும் வரும். வந்த தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது இரு வீட்டுக்கும் பொதுவான சட்டம்.

சில ஆண்டுகளுக்கு முன், மழைத் தண்ணீர் யார் பக்கம் வடிவது என்று சண்டை வந்தது. பேசக் கூடாததைப் பேசியவன் நான். அந்தத் தீபாவளிக்கு எங்கள் தட்டு போகவில்லை. “முதலில் அவர்கள் வரட்டும்” என்று மனைவியைத் தடுத்துவிட்டேன்.

ஆனால் கிறிஸ்துமஸ் அன்று தட்டு வந்துவிட்டது. “பாட்டி குடுத்துட்டு வரச் சொன்னாங்க” என்று பேத்தி வாசலில் நின்றாள்.

“என்னங்க, வாங்கலாமா?” என்றாள் மனைவி.

எனக்கு மகிழ்ச்சி வரவில்லை, கோபம்தான் வந்தது. என்னைச் சிறியவனாக்கவே அனுப்பியிருக்கிறார் என்று தோன்றியது.

அன்பளிப்பைப் பற்றி 1925-இல் எழுதிய பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ், கொடுப்பது, வாங்குவது, திருப்பித் தருவது மூன்றுமே பல சமூகங்களில் கடமைகளாக இருந்ததைக் காட்டினார். அப்படியானால் அன்பளிப்பும் ஒரு கடன்தானா?

வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதற்கு முன்பாகவே ஒப்புரவுக்கும் ஒன்று வகுத்தார். அடுத்த வீட்டுக்குப் பலகாரம் கொடுப்பது ஈகை அல்ல. எங்கள் வீட்டில் பஞ்சமில்லை என்பது அந்த அம்மாளுக்குத் தெரியும். பகை தீர்ந்து கூடுவதைத் தமிழ்க் கிறிஸ்தவர்களும் ‘ஒப்புரவாதல்’ என்றே சொல்கிறார்கள். அந்தச் சொல்தான் இதற்குப் பொருந்தும்.

கணக்குப் பார்த்திருந்தால் அந்த ஆண்டு தட்டு வந்திருக்கவே வேண்டாம். நாங்கள் அதிரசம் அனுப்பவில்லை. ஆகவே அவருக்குக் கடனே இல்லை. கடன் இல்லாதபோது கொடுத்தார். அதுவரை வந்த தட்டுகளெல்லாம் எப்படியோ, அது ஒன்று ஐயமில்லாத அன்பளிப்பு. அதை வாங்கிக்கொள்ள வேண்டுமானால் நான் சிறியவனாகத்தான் ஆக வேண்டும். கொடுப்பதற்குக் கை போதும். வாங்குவதற்கு மனம் குனிய வேண்டியிருக்கிறது.

மனைவி தட்டில் சர்க்கரையை நிரப்பினாள். நானே எடுத்துக்கொண்டு போனேன். பத்தடி தூரம்தான், அன்று நெடுந்தொலைவாக இருந்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

அந்த அம்மாள் முந்திக்கொண்டார். “கேக் நல்லா இருந்துச்சா, தம்பி?”

நான் இன்னும் ஒரு துண்டுகூடத் தின்னவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.