வளையமும் வாக்கும்

எண்ணெய்க் கிணற்றின் ஆழத்தில் எந்த இறப்பரை வைப்பது என்பது பொறியியலாளர்களின் பாடு, இலக்கியக்காரருக்கு அங்கே என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். எனக்கென்னவோ அதற்குள் ஓர் அறக் கேள்வி கிடப்பதாகவே படுகிறது.

வட கடலில், ஸ்கொட்லாந்துக்குக் கிழக்கே உள்ள எல்ஜின் - பிராங்க்ளின் வயல்கள் 2001இல் உற்பத்தியைத் தொடங்கின. ஐந்து கிலோமீற்றருக்கும் கூடிய ஆழம். வெப்பம் 190 பாகை செல்சியஸ் அளவில். அமுக்கம் ஏறத்தாழ 1,100 பார். நாம் நிற்கும் தரையில் அது ஒரு பார்தான். இத்தகைய கிணறுகளில் உலோகத்தோடு உலோகம் சேரும் பல இடங்களில் வாயுவை மறித்து நிற்பது ஒரு சிறிய வளையம்.

சாதாரண நைத்திரைல் இறப்பர் 120 பாகையைத் தாண்டினால் நாளடைவில் இறுகி வெடிப்பு விழும். புளோரின் சேர்ந்த இறப்பர் 200 அளவுக்குத் தாங்கும். ஆனால் குழாய் அரிக்காமலிருக்க விடப்படும் அமீன் இரசாயனங்கள் அதையே கெடுத்துவிடும். காவலுக்கு வந்தவனே கன்னம் வைப்பதுபோல. பெர்புளோரோ இறப்பர் 300 பாகை வரையும் நிற்கும், விலையோ கையைச் சுடும். அதிலும் பல வகைகள் குளிரில் விறைத்துப்போகும். ஆகவே செலவழித்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று சொல்லவும் வழியில்லை. போதாததற்கு, இறப்பருக்குள் ஊறிய வாயு, அமுக்கம் திடீரென இறங்கும்போது உள்ளிருந்தே அதைக் கிழிக்கிறது.

ஆயுளை எப்படிக் கணிக்கிறார்கள்? நோர்வேயின் நோர்சொக் எம்-710 தரநிலை ஒரு வழி சொல்கிறது. கிணற்றைவிடக் கூடிய வெப்பநிலைகளில், ஐதரசன் சல்பைட்டு கலந்த ஊடகத்தில் இறப்பரை வைத்து, அது கெடும் வேகத்தை அளந்து, அரேனியசின் சமன்பாட்டினால் கிணற்று வெப்பத்துக்கு இறக்கிக் கணக்கிடுவார்கள். சோதனை சில வாரம். விடை இருபது வருடம் என்று வரலாம். கணக்கு பொய்யல்ல. ஆனால் எல்லா வெப்பத்திலும் இறப்பர் ஒரே விதமாகத்தான் கெடும் என்ற எடுகோளின் மேல் அது நிற்கிறது.

அறிந்ததற்கும் நம்பியதற்கும் நடுவில் அந்தக் கையெழுத்து விழுகிறது. முழு நிச்சயம் கேட்டால் எவரும் கிணறு தோண்டமுடியாது என்பார்கள், ஒப்புக்கொள்கிறேன். என் கேள்வி வேறு. இருபதாம் வருடத்தில் அந்த மேடையில் இரவு வேலைக்கு நிற்பவர் இன்று பள்ளிக்கூடத்தில் இருக்கக்கூடும். ஐதரசன் சல்பைட்டு செறிவாகக் கசிந்தால் சில மூச்சுகளிலேயே விழுத்திவிடும். எடுகோளை அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவர் கைக்கு வருவது எண் மட்டுமே. அந்த எண் ஓர் அமானிதமென்றால், எடுகோளையும் சேர்த்தல்லவா ஒப்படைக்க வேண்டும்? கழற்றி மாற்றக்கூடிய இடத்துக்கு மலிவான வளையமும் நேர்மையானதே. சீமெந்துக்குப் பின்னால் நிரந்தரமாகப் புதைக்கும் இடத்துக்கு அதே கணக்கை, அதே தைரியத்தோடு எழுதுவதுதான் எனக்கு நெருடுகிறது.