மிக்கேல் யார்?

விவிலியத்தில் மிக்கேல் தலைகாட்டுவது மிகக் குறைவு: தானியேல், யூதா, திருவெளிப்பாடு நூல்களில் சில வசனங்கள், அவ்வளவுதான். கத்தோலிக்கருக்கு அவர் அலகையை வீழ்த்திய அதிதூதர். செப்டம்பர் 29 அவருடைய திருநாள். அட்வென்டிஸ்டு சபையாரும் யெகோவாவின் சாட்சிகளும் அவர் கிறிஸ்துவேதான் என்கிறார்கள். இதிலும் ஒத்துப்போகவில்லை: முன்னவருக்கு அந்தக் கிறிஸ்து படைக்கப்படாத கடவுள், பின்னவருக்கு கடவுளின் முதல் படைப்பு. மார்மன்களோ, பூமிக்கு வந்து ஆதாமாக வாழ்ந்தவரே மிக்கேல் என்று நம்புகிறார்கள்.

என் மனம் ஒட்டிக்கொள்வது எத்தியோப்பியரின் மிக்கேலிடம். அவர்கள் நாட்காட்டியில் ஒவ்வொரு மாதமும் 12ஆம் நாள் அவருக்குரியது. ஹிதார் மாதத்துப் பெருவிழாவில், பட்டுத்துணி போர்த்திய தாபோத் என்னும் புனிதப் பலகையைக் குரு தலையில் சுமந்து வெளியே வருவார். மேலே வண்ணக் குடைகள். வெள்ளாடை உடுத்த பெண்கள் குலவையிடுவார்கள். பிள்ளைக்காக, நோய் தீர, வழக்கு முடிய என்று அங்கே நேர்ந்துகொள்பவர்களுக்கு மிக்கேல் பரிந்து பேசுகிறவர். சபைகளின் விவாதம் எதுவும் அந்த நேர்ச்சையைத் தொட்டதில்லை.