பயன் கருதாப் பணிவிடை

குணமடைந்த நோயாளி கைகூப்பி விடைபெறும்போது செவிலியின் உள்ளம் நிறைகிறது. அதில் குறையொன்றும் இல்லை. ஆனால், அந்த நோயாளி ஒருநாளும் எழப் போவதில்லை, நன்றி என்ற சொல்லையும் உரைக்கப் போவதில்லை என்றால்?

மும்பை கே.ஈ.எம். மருத்துவமனைச் செவிலியர்முன் இக்கேள்வி 41 ஆண்டுகளுக்கும் மேலாக நின்றது. அங்கே செவிலியாக இருந்த அருணா ஷான்பாக், 1973 நவம்பர் 27 அன்று கடைநிலை ஊழியன் ஒருவனின் கொடுந்தாக்குதலுக்கு ஆளானார். கழுத்து நெரிக்கப்பட்டதால் மூளை சிதைந்து, படுக்கையே உலகமானது. நாளடைவில் உடன் பணியாற்றிய செவிலியரே உறவாயினர். அவரை வெளியேற்ற நிர்வாகம் முயன்றபோது எதிர்த்து நின்றவர்களும் அவர்களே.

கர்மயோகத்தை நூல்களில் கற்பது எளிது. படுத்தே கிடப்பவரை வேளை தவறாமல் புரட்டாவிடில் சில நாட்களிலேயே தோல் புண்ணாகிவிடும். ஊட்டுதல், துடைத்தல், துணி மாற்றுதல், மீண்டும் புரட்டுதல், இரவிலும் இதுவே.

உணவை நிறுத்தி அவரை அமைதியாக இறக்கவிடுமாறு ஒருவர் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். அவரைத் தூண்டியதும் இரக்கமே. செவிலியர் உடன்படவில்லை, 2011 மார்ச் 7 அன்று மனு தள்ளுபடியானது. நீதிமன்றம் அமைத்த மருத்துவர் குழு அருணாவைப் பரிசோதித்தபோது, படுக்கைப்புண் இல்லை. ஆறிய பழம்புண்ணின் தழும்புகூட இல்லை.

அருணாவின் குரலைக் கேட்டறிந்தோர் ஓய்வு பெற்றனர். அவர் விழுந்த ஆண்டில் பிறந்தேயிராத பெண்கள் அப்பணியை ஏற்று, 2015 மே 18 அன்று அவர் உயிர் பிரியும்வரை அவரைப் புரட்டிப் படுக்கவைத்தனர்.