கைநாட்டும் அமானிதமும்



வியாபாரிகளாகிய நமக்குக் கைநாட்டு புதிய விஷயமன்று. நம் பாட்டன்மார் காலத்தில் எழுத்தறியாதவர் கடன் சீட்டில் பெருவிரலை மையில் தோய்த்து ஒற்றிக் கொடுப்பார். கடன் தீர்ந்த நாளில் அந்தச் சீட்டைத் திருப்பிக் கொடுப்பதோ, அவர் கண்முன் கிழித்துப் போடுவதோ கடைக்காரரின் கடமை. தீர்ந்த கடனின் சீட்டைப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பவரை ஊர் நம்பாது. இந்தச் சிறு நியாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெரிய விஷயத்தை ஆராய விரும்புகிறேன். நாட்டுக்கு ஆபத்து வந்த காலத்தில் சர்க்காரும் போலீசாரும் குடிமக்களின் விரல் ரேகையை வாங்கிக்கொள்கிறார்கள். அது நியாயம்தானா? ஆபத்து நீங்கிய பின் அந்த ரேகையின் கதி என்ன?

விரல் ரேகை சர்க்கார் காரியத்துக்குள் நுழைந்ததே ஒரு வியாபார ஒப்பந்தத்தின் வழியாகத்தான். 1858-ம் வருஷம் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷெல் என்ற ஆங்கில அதிகாரி, சாலை போடச் சரக்குத் தர ஒப்புக்கொண்ட கொனாய் என்ற குத்தகைக்காரர் பின்னால் பேச்சு மாறாதிருக்க, அவருடைய உள்ளங்கையைப் பத்திரத்தில் பதிய வைத்தார். 1897-ல் கல்கத்தாவில் போலீசாருக்கென்று ரேகைக் காரியாலயமே ஏற்பட்டது. ரேகைகளை வகை பிரிக்கும் கணக்கை வகுத்ததில் காஜி அஜீஸுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இருவருக்குப் பெரும் பங்குண்டு. பெயர் என்னவோ அவர்களுடைய மேலதிகாரி ஹென்றி துரைக்குப் போயிற்று! ஒப்பந்தத்துக்காக வந்த ரேகை நாற்பது வருஷத்துக்குள் போலீஸ் அலமாரிக்குள் குடிபுகுந்துவிட்டது.

நம் நாட்டுக்கு வருவோம். 1948-ம் வருஷம் ஜூன் மாதம் மலாயாவில் அவசரகாலம் பிரகடனமாயிற்று. அதே வருஷத்தில், பன்னிரண்டு வயது நிரம்பிய யாவரும் பதிந்துகொள்ள வேண்டும், போட்டோவும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாளக் கார்டை வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. போலீசார் எங்கே மறித்துக் கேட்டாலும் காட்ட வேண்டும். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோ தோட்டங்களிலும் கம்பங்களிலும் புகுந்து அந்தக் கார்டுகளைப் பிடுங்கிக் கிழித்தார்கள். கார்டு இல்லாதவன் போலீசாரிடம் அகப்பட்டான். கார்டு உள்ளவன் காட்டுக்காரனிடம் அகப்பட்டான். இரண்டு பக்கமும் அடி வாங்கிய மத்தளம் ஏழைத் தொழிலாளிதான்.

இதைக் கொண்டு சர்க்கார் செய்தது முழுதும் அநியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. போலீசின் காவல் இல்லாவிட்டால் மஸ்ஜித் இந்தியா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் நாம் தைரியமாகக் கடை திறக்க முடியுமா? நிர்ப்பந்தம் வந்தால் விலக்கப்பட்டதும் ஆகும் என்பது நம் ஃபிக்ஹுச் சட்டம். ஆனால் அதே ஃபிக்ஹு இன்னொரு விதியையும் பக்கத்திலேயே வைத்திருக்கிறது. நிர்ப்பந்தம் எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் சலுகையும். பசியால் சாகக் கிடப்பவன் உயிர் தங்கும் அளவுக்கு ஹராமைப் புசிக்கலாம். மறுநாளைக்கென்று மூட்டை கட்டிக்கொள்ளலாகாது.

அவசரகாலம் 1960-ம் வருஷம் ஜூலை 31-ந் தேதி முடிவுற்றது. கார்டு முடியவில்லை. 1959-ம் வருஷத்துத் தேசியப் பதிவுச் சட்டத்தின் கீழ் அது நிரந்தரமாயிற்று. 2001-ல் மைகாட் வந்தபோது இரு பெருவிரல்களின் ரேகையும் ஒரு சிறு சில்லுக்குள் ஏறிற்று. இதனால் நன்மை இல்லாமலில்லை. பாங்கியில் கணக்குத் திறக்கவும், பாஸ்போர்ட் எடுக்கவும், நிக்காஹ் பதியவும் ஐ.சி. நமக்கு உதவுகிறது. ஆனால் கொரில்லாக்களைப் பிடிப்பதற்கென்று பதியப்பட்ட ரேகை வேறு காரியத்துக்கு மாறியபோது, ரேகைக்குச் சொந்தக்காரரை அழைத்து, “பழைய காரியம் முடிந்தது, இந்தப் புதுக் காரியத்துக்குத் தருகிறீரா?” என்று ஒருவரும் கேட்கவில்லை. என் மனத்தை உறுத்துவது அதுதான்.

“குற்றம் செய்யாதவனுக்கு என்ன பயம்?” என்று சில நண்பர்கள் கேட்பார்கள். கள்ளக் கணக்கு எழுதாத வியாபாரியும் தன் பேரேட்டைத் தெருவில் விரித்து வைப்பதில்லையே! மேலும், சாவி தொலைந்தால் பூட்டை மாற்றலாம். ரேகை களவு போனால் விரலை மாற்ற முடியுமா? விரல் நுனிகளைப் பற்றி சூரத்துல் கியாமாவில் அல்லாஹ் தனியே பேசுகிறான் என்பதை ஆலிம்களிடம் கேட்டிருக்கிறோம். படைத்தவன் இட்ட முத்திரைக்கு இரண்டாவது பிரதி கிடையாது. 2017-ல் நம் நாட்டில் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் வெளியே கசிந்தன. அவற்றோடு வீட்டு முகவரியும் ஐ.சி. எண்ணும் போயின. எண்ணுக்கு வந்த கதி ரேகைக்கு வராது என்று யார் ஜாமீன் நிற்பார்?

தென்னாப்பிரிக்காவில் நம்மைப் போன்ற வியாபாரிகள் காட்டிய வழியைப் பாருங்கள். டிரான்ஸ்வாலில் 1906-ல் ஆசியக்காரர்களுக்கு மட்டும் கட்டாயப் பதிவும் ரேகையும் என்று சட்டம் வந்தபோது, அதற்குப் பணிவதில்லை என்று இறைவனை முன்னிறுத்தி உறுதி எடுக்கச் சொன்னவர் ஹாஜி ஹபீப் என்ற முஸ்லிம் வியாபாரி. 1908-ம் வருஷத் தொடக்கத்தில் சமரசம் ஏற்பட்டு, சட்டம் ரத்தாகும் என்று நம்பி, காந்தியடிகள் உட்படப் பலர் தாமாகவே ரேகை கொடுத்தார்கள். சட்டம் ரத்தாகவில்லை. ஆகஸ்ட் 16-ந் தேதி ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா பள்ளிவாசல் முன் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுச் சீட்டுகளைக் கொப்பரையிலிட்டுக் கொளுத்தினார்கள். மதித்துக் கேட்டபோது விரலைக் கொடுத்தவர்கள் அவர்கள். பேச்சு தவறியபோதுதான் நெருப்பு மூட்டினார்கள்.

ஆகையால் ரேகை எடுப்பதா கூடாதா என்பதோடு கேள்வி முடிந்துவிடவில்லை. எடுத்தவர் அதை அமானிதமாக வைத்திருக்கிறாரா, சொந்தச் சொத்தாக ஆக்கிக்கொண்டாரா என்பதே கேள்வி. அமானிதமென்றால் எதற்காக என்று சொல்ல வேண்டும். எந்நாள் வரை என்று சொல்ல வேண்டும். முடிந்ததும் திருப்ப வேண்டும் அல்லது அழிக்க வேண்டும். 2008 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், குற்றவாளியென்று தீர்ப்பாகாத இருவரின் ரேகையைப் பிரிட்டிஷ் போலீசார் காலவரையின்றி வைத்திருப்பது முறையல்ல என்று தீர்த்தது. நம் நாட்டில் 2010-ம் வருஷத்துத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வியாபாரிகளைக் கட்டுப்படுத்துகிறது. மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்துவதில்லை. தராசு வைத்திருப்பவனுக்கு முத்திரை கேட்கும் சர்க்கார், தன் தராசுக்கும் முத்திரை போட்டுக்கொள்ள வேண்டாமா? இதை மரியாதையோடு கேட்பது ராஜத்துரோகமன்று, பிரஜையின் கடமை.

நிற்க. சர்க்காரை நோக்கி நீட்டிய விரலை நம் பக்கமும் திருப்பிப் பார்ப்போம். 2020-ல் கொரோனா முஸீபத்தின்போது கடை வாசலில் நோட்டு வைத்து, வந்தவர்களின் பெயரையும் டெலிபோன் நம்பரையும் வாங்கினோமே, அந்த நோட்டுகள் இப்போது எங்கே? அவற்றில் எத்தனை பெண்மக்களின் நம்பர்கள் இருக்கின்றன! இன்று பல கடைகளில் வேலையாட்கள் வருகை பதிய விரல் வைக்கும் யந்திரம் இருக்கிறது. வேலையை விட்டுப் போன பையனின் ரேகையை அதிலிருந்து அழித்தோமா? அந்தப் பையன் எங்கிருந்தோ கடல் தாண்டி வந்தவன்; நம்மிடம் கேட்கத் தைரியமில்லாதவன். கேட்கத் தெரியாதவனின் ஹக்கைப் பற்றி மறுமையில் நம்மிடம் முதலில் கேட்கப்படுமோ என்று அஞ்ச வேண்டும்.

ஹிஜ்ரத்து இரவை நினைத்துப் பாருங்கள். வாளேந்தியவர்கள் வீட்டைச் சூழ்ந்து நின்றார்கள். அதைவிடப் பெரிய அவசரகாலம் உண்டா? அந்நேரத்திலும் நாயகம் (ஸல்) அவர்கள், மக்காவாசிகள் தம்மிடம் வைத்திருந்த பொருள்களை உரியவர்களிடம் ஒப்படைப்பதற்காக அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றார்கள். உயிருக்கு ஆபத்து என்பது அமானிதத்தை மறக்கச் சாக்காகவில்லை.

சர்க்கார் தன் பேரேட்டைத் திருத்தும் நாள் வரும்போது வரட்டும். நாம் இன்று மாலை கடை அடைக்கும் முன் பழைய நோட்டுகளைத் தேடி எடுத்து அழித்துவிடுவோம். போனவர்களின் ரேகையை யந்திரத்திலிருந்து நீக்கிவிடுவோம். பிறர் அமானிதத்தைப் பேணுபவருக்கே தம் அமானிதத்தைக் கேட்க வாய் இருக்கும். வல்ல நாயன் நம்மையும் நம்மை ஆள்பவர்களையும் அமானிதம் காப்பவர்களாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.