அளைய விடுங்கள்

ஆவணி மாதத்தில் யாழ்ப்பாணத் தீவகத்தின் நாரந்தனைப் பக்கம் பனம்பழம் விழும். தோலை உரித்து, தும்போடு கிடக்கும் களியைப் பிசைந்து எடுப்பது முழுக்கக் கைவேலை. பிசைகிறவரின் முழங்கை வரை செம்மஞ்சள் ஏறிவிடும். பக்கத்தில் குந்தியிருக்கும் மூன்று வயதுப் பிள்ளையிடம் ஒரு கொட்டையைக் கொடுத்துவிட்டால் அதற்கு வேறெதுவும் வேண்டாம். சூப்பும், தும்பை இழுக்கும், களியை வயிற்றில் தேய்க்கும், பிறகு அந்தக் கொட்டைக்கே தலைவாரிவிடும். “சட்டையைக் கழட்டிப்போட்டு விடு பிள்ளை, அளையட்டும்” என்று சொல்லும் அம்மம்மாவும் அந்த முற்றத்தில் இருப்பார், “ஐயோ, ஊத்தை!” என்று கையைத் தட்டிவிடும் தாயும் இருப்பார். இந்தக் கட்டுரை அம்மம்மாவின் பக்கம். ஆனால் தாய் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதையும் பார்க்க வேண்டும்.

முன்பள்ளி ஆசிரியர்கள் இப்போது இதைப் புலன்சார் விளையாட்டு என்கிறார்கள். தொட்டு, பிசைந்து, முகர்ந்து, ஊற்றி ஒரு பொருளை அறிந்துகொள்ளும் விளையாட்டு. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை கையில் கிடைப்பதையெல்லாம் வாய்க்குக் கொண்டுபோவதும் இதன் தொடக்கம்தான். அந்த வயதில் உதடும் நாக்கும் விரலைவிட நன்றாக வேலை செய்கின்றன. இரண்டு வயதில் அந்த வேலை கைக்கு வந்துவிடும். காய்ந்த மணல் விரலிடுக்கால் ஓடுகிறது. கொஞ்சம் நனைத்தால் சிரட்டையின் வடிவத்திலேயே நிற்கிறது. இன்னும் நனைத்தால் சரிந்து விழுகிறது. எவ்வளவு தண்ணீர் போதும் என்பதைச் சொல்லிக் கொடுக்க முடியாது, ஊற்றித்தான் அறியவேண்டும். ஒடுங்கிய உயரமான போத்தலிலிருந்து அகலமான கோப்பைக்கு ஊற்றினால் தண்ணீர் குறைந்துவிட்டதாகவே சின்னப் பிள்ளை நினைக்கும். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜான் பியாஜே இதைச் சோதித்தார். பாத்திரம் மாறினாலும் அளவு மாறாது என்ற உறுதி ஏறக்குறைய ஏழு வயதில்தான் வருகிறது என்பது அவர் கண்டது. அந்த வயது வரைக்கும் ஊற்றி ஊற்றிப் பார்ப்பது பிள்ளைக்கு வீண்வேலை ஆகாது.

யாழ்ப்பாணத்தில் இந்த விளையாட்டுக்கு அழுக்கைவிடப் பெரிய எதிரி படிப்பு. மூன்று வயதில் கொப்பியும் பென்சிலும் கையில் வந்துவிட வேண்டும் என்பது நம்மவர் அவசரம். ஆனால் பென்சிலைப் பிடிக்கப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் பலம் வேண்டும். அந்தப் பலம் பிசைவதிலும் கிள்ளுவதிலும் பிழிவதிலும் வருகிறது. நமது ஏடு தொடக்கலைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். விஜயதசமியன்று பிள்ளையின் விரலைப் பிடித்து முதலெழுத்தை எழுதுவிப்பது பரப்பிய அரிசியில். பழைய திண்ணைப் பள்ளிகளில் பாடம் தொடங்கியது மணலில். 1789இல் சென்னையில் படையினரின் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் இல்லத்தைப் பொறுப்பேற்ற அன்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். 1797இல் லண்டனில் அவர் வெளியிட்ட நூல் வழியாக இங்கிலாந்துப் பள்ளிகளுக்கும் அந்த மணல் போனது. மணலெழுத்தும் சேர்ந்த அவருடைய கற்பித்தல் முறைக்கு அங்கே மதராஸ் முறை என்றே பெயர். நம்மிடமிருந்து போனதை நாமே தூசி என்று தட்டிவிடுகிறோம்.

அடுத்தது சாப்பாடு. காணொளிகளில் அரிசிக்கும் பருப்புக்கும் சாயம் ஏற்றித் தொட்டியில் நிரப்பிப் பிள்ளையை விளையாட விடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 2022இல் பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற நாட்டில், விளையாடி முடிந்ததும் குப்பைக்குப் போகும் அரிசி என்னால் பார்க்க முடியாத காட்சி. அதற்காகப் பிள்ளையின் கையைச் சாப்பாட்டிலிருந்து விலக்க வேண்டியதும் இல்லை. நெய்ச்சோற்றை அளைந்து மேலெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தையைப் பாண்டியன் அறிவுடைநம்பி பாடியது புறநானூற்றின் 188ஆம் பாட்டு; பிள்ளை கைவிட்டு அளைந்த கூழின் இனிமையைச் சொல்வது 64ஆம் குறள். இரண்டிலும் அளையப்பட்டது உண்கிற உணவு. அதுதான் நமக்கும் வழி. குசினியில் நடக்கிற வேலையில் ஒரு பங்கைப் பிள்ளைக்குக் கொடுங்கள். ஊறப்போட்ட உழுந்தின் தோலைத் தேய்த்துக் கழுவுவது வழுவழுப்பான வேலை, பிள்ளை லேசில் எழும்பாது. புட்டுக்கு மா குழைக்கும்போது அது பொலபொலவென்று உதிரும், கொஞ்சம் தண்ணீர் கூடினால் கட்டிபடும். அந்த வித்தியாசம் விரலுக்குத் தெரியட்டும். இங்கே ஒரு கவனம். பச்சைக் கோதுமை மாவில் நோய்க்கிருமி இருக்கலாம், அதை வாயில் வைக்க விடக்கூடாது. நம் வீடுகளில் அவித்தோ வறுத்தோ வைத்திருக்கும் மா இந்த வகையில் நல்லது.

மணலும் தண்ணீரும் என்று வந்தால் தீவகத்துக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. சுண்ணாம்புக்கல் நிலம், பல கிணறுகள் உவர், மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை. நல்ல தண்ணீரை வெளியிலிருந்து எடுக்கும் வீட்டுத் தாயிடம் “தொட்டி நிறையத் தண்ணீர் வையுங்கள்” என்று சொல்வது அறியாமை. ஒரு பேசன் மணல், ஒரு போத்தல் தண்ணீர் போதும். அரிசி கழுவிய தண்ணீராகவும் இருக்கலாம். போத்தல் முடிந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். பிள்ளை முதல் நாள் அழும், பிறகு சிந்தாமல் ஊற்றப் பழகும். மிச்சம் வாழையடிக்குப் போகட்டும். சிரட்டை, அரிதட்டு, பழைய கரண்டி, சோகி, பனையோலைப் பிளா ஆகியவைதான் சாமான்கள். கடையில் வாங்க ஒன்றும் இல்லை.

தாயின் நியாயத்துக்கு வருவோம். அழுக்கைக் கழுவப்போவது அவர்தான். ஆகவே இடமும் நேரமும் முதலே தீர்மானமாக வேண்டும்: மரநிழலில் ஒரு பழைய பாய், குளிப்பதற்கு முந்திய அரை மணி நேரம், உடம்பில் ஒரு காற்சட்டை மட்டும். அளைந்த கையோடு நேரே கிணற்றடிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் வேலை இரட்டிக்காது. மண்ணில் புழு முட்டைகள் இருக்கும் என்ற பயமும் உண்மையானது. பூனை வந்து போகாதபடி மணலை மூடி வையுங்கள், இடையிடையே அரித்து வெயிலில் காய விடுங்கள், கிளினிக்கில் சொல்லும் காலத்தில் பூச்சி மருந்தைக் கொடுங்கள். விளையாடி முடிந்த வாளியை உடனே கவிழ்த்துவிட வேண்டும். தவழும் பிள்ளை மூழ்கச் சில அங்குலத் தண்ணீர் போதும்.

பெரியவர் செய்யவேண்டியது பக்கத்தில் இருப்பது. “வீடு கட்டு, இட்லி செய்” என்று சொல்லத் தொடங்கினால் விளையாட்டு நம்முடையதாகிவிடும். தொலைபேசியில் படம் எடுப்பதும் அப்படித்தான். சில பிள்ளைகள் ஈரத்தைத் தொடவே கூசும். கையைப் பிடித்து அமுக்காதீர்கள். ஒரு கரண்டியைக் கொடுத்துப் பாருங்கள். உடுப்பு, உணவு, குளிப்பு எல்லாவற்றிலும் அந்தக் கூச்சம் நாளாந்த வாழ்க்கையைக் குழப்பினால் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்ல வேண்டும்.

சோறு கறி ஆக்கி விளையாடும் வயதில் வேலியோரத்துக் காய்களும் சட்டிக்குள் போகும். மஞ்சள் அலரிக்காய் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. குன்றிமணியைக் கடித்து மென்றால் அதுவும் நஞ்சு. வளவில் இவை நின்றால் பிள்ளை வளரும் வரைக்காவது அகற்றிவிடுவது நல்லது.

கடைசியாக, வெளிநாட்டிலிருந்து பார்சல் அனுப்புகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். 1990களின் தொடக்கத்தில் போரினால் தீவகத்தை விட்டுப் போனவர்கள் பலர், கனடாவிலும் பிரான்சிலும் இருந்து சித்தப்பாவாகவும் மாமியாகவும் விளையாட்டுச் சாமான் அனுப்புகிறார்கள். பிளே-டோ வந்தால் பரவாயில்லை. சுவரில் ஒட்டிய கடதாசியைத் துடைக்கும் பசையாக இருந்து 1950களின் நடுவில் விளையாட்டுப் பொருளான சாமான் அது. மா, உப்பு, எண்ணெய், மஞ்சள் சேர்த்து அதுபோல ஒன்றை இங்கேயே குழைத்துவிடலாம்; உப்பு அதிகம் என்பதால் தின்னமட்டும் விடக்கூடாது. ஆனால் தண்ணீரில் போட்டால் பெருக்கும் நிற மணிகளை அனுப்பாதீர்கள். விழுங்கினால் குடலுக்குள் பெருத்து அடைக்கும், எக்ஸ்ரேயிலும் பெரும்பாலும் தெரியாது. 2023 இறுதியில் அமெரிக்காவின் பெரிய வணிக நிறுவனங்கள் சில இவற்றைச் சிறுவர் விளையாட்டுப் பொருளாக விற்பதையே நிறுத்திவிட்டன. ஏற்கெனவே வீட்டுக்கு வந்திருந்தால், பிள்ளையின் கண்ணில் படுவதற்கு முன் எறிந்துவிடுங்கள்.