சிக்கனம் யார் பங்கில்?

மலாய் மொழியில் தெமியாங் என்பது ஒருவகை மூங்கிலின் பெயர். மெல்லிய சுவரும் நீண்ட கணுவிடையும் உடைய அம்மூங்கிலைக் கொண்டு காட்டுவாழ் மக்கள் அம்பு ஊதும் குழல்களைச் செய்தனர். நெகிரி செம்பிலான் மாநிலத்தின் தலைநகராகிய சிரம்பானை ஒட்டி, அதே பெயரில் ஒரு பகுதியும் உண்டு. மூங்கிலுக்கும் சேமிப்புக்கும் இடையே மலாய் மொழி ஓர் உறவைக் காத்து வைத்திருக்கிறது. 'தாபோங்' என்னும் சொல் முதலில் மூங்கிற் குழாயைக் குறித்தது. பின்னர்க் காசு இட்டு வைக்கும் உண்டியலைக் குறித்தது. இன்று பெருநிதி திரட்டும் நிறுவனங்களின் பெயரிலும் நின்று விளங்குகிறது. உள்ளே இட்ட காசை, மூங்கிலைப் பிளந்தாலன்றி எடுத்தல் அரிது. ஆகவே, எப்போது பிளப்பது, எதற்காகப் பிளப்பது என்னும் வினா சேமிப்பவரின் எதிரே எப்போதும் நிற்கிறது.

விழாவுக்கெனச் சேமித்தல் வேறு; விழாவிலிருந்து சேமித்தல் வேறு. முன்னதை உலகம் முன்யோசனை என்று புகழும். பின்னதைக் கஞ்சத்தனம் என்று இகழும். தீபாவளிக்குக் குழந்தைக்குப் புத்தாடை எடுக்காத தந்தையையும், கிறிஸ்துமஸ் நாளில் உறவினர் பிள்ளைகளுக்குப் பரிசு கொடாத மாமனையும் ஊர் எளிதில் மறப்பதில்லை. எனவே, விழாக் காலத்தில் கையை இறுக்கிப் பிடிப்பது அறமா, அன்பின் குறைவா என்பது எண்ணிப் பார்க்கத் தக்க வினாவாகும். ஏட்டளவில் மட்டும் எழுந்த வினா அன்று இது. சிரம்பானைச் சுற்றியிருந்த இரப்பர்த் தோட்டங்களின் லயங்களில் ஆண்டுதோறும் எழுந்து, ஆண்டுதோறும் கடனாக முடிந்த வினா இது.

தோட்டத்தின் ஆண்டு நாட்காட்டியைப் பின்பற்றியதன்று. மரத்தையும் மழையையும் பின்பற்றியது. விடியற்காலையில் மழை பெய்தால் மரப்பட்டை நனையும். பால் கோப்பைக்குள் வடியாமல் பட்டையெங்கும் பரவி வீணாகும். அன்று வெட்டு இல்லை. நாட்கூலி பெறுவோர்க்கு வெட்டில்லா நாள் கூலியில்லா நாளாகும். மேற்குக் கரை மாநிலங்களில் மழை மிகும் அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் தீபாவளி வருகிறது. அதன் பின் கிறிஸ்துமஸ். அடுத்து ஜனவரியில் பொங்கல். நெடுங்காலமாகப் பள்ளிகளின் புத்தாண்டும் ஜனவரியிலேயே தொடங்கியது. அதற்குப் பின் மரங்கள் இலையுதிர்க்கும் காலம் வரும். பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் பால் வரத்துக் குறையும். வருவாய் இளைத்த நேரத்தில் செலவு வந்தது. செலவுக்கு வாங்கிய கடனை அடைக்க வேண்டிய நேரத்தில் வருவாய் மேலும் இளைத்தது. இந்த முரணை உணராமல் தோட்ட மக்களை ஊதாரிகள் என்று பழித்தோர் பலர்.

ஒரு வீட்டைக் கற்பனை செய்து பார்க்கலாம். கணவனும் மனைவியும் பால்மரம் வெட்டுகின்றனர். பிள்ளைகள் மூவர். கிறிஸ்துமஸ் நெருங்குகிறது. பிள்ளைகளுக்குப் புத்தாடை, வீட்டுக்குத் திரைச்சீலை, கேக்கு, அச்சு முறுக்கு, தங்கை பிள்ளைகளுக்குப் பரிசு, லயத்திலுள்ள அனைவர்க்கும் பலகாரத் தட்டு எனச் செலவு நீள்கிறது. தீபாவளிக்கு அண்டை வீட்டு இந்துக் குடும்பங்கள் தட்டு அனுப்பியிருக்கின்றன. இப்போது திருப்பி அனுப்புவது இவ்வீட்டின் முறை. தேவைப்படும் தொகை 300 வெள்ளி எனக் கொள்வோம். கையில் அது இல்லை.

மளிகைக் கடையில் '555' என்று அட்டையில் அச்சிட்ட சிறு குறிப்பேடு ஒன்று அக்குடும்பத்திற்கென இருக்கும். அதில் எழுதச் சொன்னால் பொருள் வந்துவிடும். அடகுக் கடையில் வளையலை வைத்தால் பணம் வந்துவிடும். 1972ஆம் ஆண்டின் அடகுச் சட்டம் மாதத்திற்கு 2 விழுக்காடு வரை வட்டி வாங்க இடம் கொடுத்தது. 300 வெள்ளிக்கு மாதம் 6 வெள்ளி. ஓர் ஆண்டு மீட்காமல் விட்டால் 72 வெள்ளி. அதே 300 வெள்ளியை முன்கூட்டியே சேர்க்க, மாதம் 25 வெள்ளி போதும். ஆகவே ஓராண்டு வட்டி என்பது ஏறத்தாழ மூன்று மாதச் சேமிப்பாகும். பணத்தை முன்னே சேர்த்தவர் விழாவுக்கு ஒரு விலை கொடுக்கிறார். பின்னே அடைப்பவர் அதே விழாவுக்கு அதிக விலை கொடுக்கிறார். வளையல் இல்லாதவர் தேடிச் சென்ற உரிமம் பெறாத வட்டிக்காரரிடமோ, இந்தக் கணக்கே செல்லாது.

மூன்றாவது வழி ஒன்றும் இருந்தது. அதுவே கூட்டு. பலர் சேர்ந்து மாதந்தோறும் ஒரு தொகை போட்டு, ஒவ்வொருவராக முழுத்தொகையையும் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. இத்தமிழ்ச்சொல் மலேசியச் சட்டநூலிலேயே இடம்பெற்றுவிட்டது. கூட்டு நடத்துவதைத் தொழிலாகக் கொள்வதைத் தடைசெய்து 1971ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின் பெயரிலேயே 'கூட்டு' நிற்கிறது. பணத்தோடு ஓடிப்போனவர்களால் ஏற்பட்ட இழப்பு பெரிது. ஓடாத கூட்டிலும் ஒரு நுட்பமான இழப்பு உண்டு. ஏலக் கூட்டில், பணம் உடனே வேண்டியவர் அதிகமாகத் தள்ளிக் கேட்பார். விழாவுக்கு முந்திய மாதத்தில் வேண்டுவோர் பலர். ஆகவே தள்ளுபடியும் மிகும். அவ்வாறு தள்ளிய தொகை, பொறுத்திருக்க வசதியுள்ளவர்க்குப் போய்ச் சேரும்.

இவ்வாறு வாங்கிய பணத்தில் விழா சிறப்பாக நடக்கும். பரிசு பெற்ற பிள்ளைகள் மகிழ்வர். ஆனால், அப்பரிசுக்கு விலை கொடுத்தவர் யார்? ஜனவரியில் பள்ளிக்குச் செல்லும் அதே பிள்ளைகள்தாம். காலணி பழையதாகிறது, சீருடை அண்ணனுடையதாகிறது, பயிற்சி நூல் "அடுத்த மாதம்" ஆகிறது. டிசம்பரில் ஒரு கையால் கொடுத்ததை, ஜனவரியில் மறு கையால் பெற்றோர் திரும்ப வாங்கிக்கொள்கின்றனர். பரிசு கொடுப்பவர் தம் பங்கிலிருந்து கொடுக்க வேண்டும் என்பது ஈகையின் முதல் இலக்கணம். கேளாமலேயே பிறர் பங்கிலிருந்து எடுத்துக் கொடுப்பது, எவ்வளவு அன்போடு செய்யப்பட்டாலும், ஈகை ஆகாது.

இங்கு ஒரு மறுப்பு எழும்; அது வலிமையான மறுப்பு. ஆண்டு முழுவதும் இருட்டில் எழுந்து மரம் வெட்டுபவனுக்கு ஒரு நாள் மகிழ்ச்சியும் கூடாதா? கூலியைக் குறைவாகக் கொடுத்தவர்களே சிக்கனத்தை உபதேசிப்பது நியாயமா? இந்நாட்டில் நாடு தழுவிய குறைந்தபட்சச் சம்பளம் 2013ஆம் ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது என்பதை எண்ணினால், முதற்குற்றம் எங்கே இருந்தது என்பது விளங்கும். வறுமைக்குக் காரணம் பலகாரத் தட்டு அன்று. சிக்கனத்தைப் போதித்துக் கூலி உயர்வை மறுப்பது அறமாகாது. எனினும், கடன் யாருக்குத் துணை நின்றது என்பதையும் பார்க்க வேண்டும். கடன்பட்ட தொழிலாளி வேறு வேலை தேடிப் போக அஞ்சுவான். உரிமை கேட்டு எழவும் அஞ்சுவான். முன்பணம் கொடுத்த இடத்தில் குரல் தாழ்ந்தே ஒலிக்கும். ஆதலின் விழாக் கடன், கூலியைக் குறைத்தவருக்கே மறைமுகமாக உதவியது. சிக்கனம் அவர்களுக்குச் செய்யும் பணிவு அன்று. அவர்களிடமிருந்து பெறும் விடுதலையின் ஒரு பகுதி.

அப்படியாயின், எல்லாச் சிக்கனமும் நல்லதா? அன்று. கடனைப் போலவே சிக்கனமும் யாரோ ஒருவருடைய பங்கிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. பெரும்பாலான வீடுகளில் முதலில் குறைக்கப்படுவது தாயின் புடவை. "எனக்கு எதற்கு?" என்று அவளே சொல்லிவிடுவதால், அதை ஒருவரும் குறையாகக் கருதுவதில்லை. அடுத்துக் குறைக்கப்படுவது, திருப்பி ஒன்றும் தர இயலாதவர்க்குச் செல்லும் தட்டு. லயத்தின் கடைசி வீட்டில் தனியே வாழும் கிழவியை விட்டுவிட்டால் கேட்பார் இல்லை. ஆனால் விருந்தினர் கண்ணிற்படும் திரைச்சீலையும் வண்ண விளக்கும் குறையா. இத்தகைய சிக்கனம் கடனைவிட மேம்பட்டதன்று. அன்பைக் குறைத்து ஆரவாரத்தைக் காப்பாற்றும் செயலே அது.

வள்ளுவர் இவ்விடத்தில் நல்ல துணையாவார். கொடுப்பதன் சிறப்பை அவர் அறத்துப்பாலில் ஈகை என்னும் அதிகாரத்தில் உரைத்தார். கொடுக்கும் அளவை அறிய வேண்டும் என்னும் கருத்தையோ, பொருட்பாலில் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வைத்தார். பகைவன்மேற் செல்லும் அரசன் தன் வலிமையை எடைபோடுவதைப் பற்றிய அதிகாரம் அது. அங்கே, வருவாயின் வழி சிறிதாயினும் செலவின் வழி அகலாதிருந்தால் கேடில்லை என்கிறார். மென்மையான மயிலிறகும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்கிறார். விழாச் செலவு மயிலிறகைப் போன்றது. ஒவ்வொன்றும் மெல்லியது, ஒவ்வொன்றும் அழகானது. "இதற்கென்ன, பத்து வெள்ளிதானே" என்று ஒவ்வொன்றாக ஏறுகிறது. அச்சு முறியும்போது முறித்த இறகு எதுவெனக் காட்ட இயலாது.

கிறிஸ்துமஸின் மூலக் கதையிலும் இவ்வளவுகோல் உண்டு. கீழ்த்திசை ஞானியர் பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் கொண்டு வந்ததை மத்தேயு எழுதியிருக்கிறார். உலகம் அதை நினைவில் வைத்துப் பரிசு வழங்குகிறது. லூக்கா எழுதிய மற்றொரு செய்தியை உலகம் அவ்வளவாக நினைப்பதில்லை. குழந்தையை ஆலயத்திற்குக் கொண்டு சென்ற பெற்றோர் செலுத்திய காணிக்கை, ஒரு சோடிப் பறவைகளுக்குரியது. ஆட்டுக்குட்டி கொடுக்க வசதியற்றவர்க்கு மோசேயின் சட்டம் அனுமதித்த காணிக்கை அது. ஞானியர் தம் அளவில் கொடுத்தனர். பெற்றோர் தம் அளவில் கொடுத்தனர். ஆட்டுக்குட்டிக்காக அவர்கள் கடன்பட்டதாகக் கதை சொல்லவில்லை.

மலாய்ச் சமூகமும் இச்சிக்கலைக் கண்டது. மெக்கா யாத்திரைக்காக நிலத்தையும் கால்நடையையும் விற்றுச் சென்ற நாட்டுப்புறத்தார், திரும்பிய பின் வறுமையில் வாடினர். பொருளியல் அறிஞர் உங்கு அஜீஸ் 1959ஆம் ஆண்டில் இதற்கொரு சேமிப்புத் திட்டத்தை முன்வைத்தார். 1963இல் அது செயலுக்கு வந்து, பிற்காலத்தில் தாபோங் ஹாஜி எனப் பெயர் பெற்றது. யாத்திரையைக் கைவிடச் சொல்லவில்லை அத்திட்டம். யாத்திரைக்காகக் குடும்பத்தின் நாளைய சோற்றை விற்க வேண்டாம் என்றது.

தமிழர்க்கும் அத்தகைய எடுத்துக்காட்டு உண்டு. 1950களில் வெளிநாட்டார் தம் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, தொழிலாளர் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்தனர். அந்நிலையில் 1960ஆம் ஆண்டில் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டந்தோட்டமாகச் சென்று, 100 வெள்ளிப் பங்கைப் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்துமாறு தொழிலாளரை வேண்டினார். 1961இல் கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்திற்குச் சொந்தமாயிற்று. பின்னர் வேறு பல தோட்டங்களும் வாங்கப்பட்டன. ஊதாரிகள் எனப் பழிக்கப்பட்ட அதே கைகள் கொடுத்த பத்து வெள்ளிகள் அவை. சேமிக்கத் தெரியாதவர்கள் அல்லர் அம்மக்கள். எதற்காக என்பது விளங்கியபோது சேமித்தனர்.

இன்று நெகிரி செம்பிலானில் இரப்பர்த் தோட்டங்கள் பலவும் செம்பனைக் காடுகளாகவும் குடியிருப்புகளாகவும் மாறிவிட்டன. லயத்து மக்களின் பேரப்பிள்ளைகள் தாமான்களில் வாழ்கின்றனர். '555' குறிப்பேட்டின் இடத்தைக் கடன் அட்டை பிடித்துக்கொண்டது. மழைக்கும் சம்பளத்துக்கும் இருந்த தொடர்பு பலர்க்கு அறுந்துவிட்டது. விழாவுக்கும் கடனுக்கும் உள்ள தொடர்பு அறவில்லை. வசதி வந்தபின் ஆரவாரத்தின் அளவு உயர்ந்தது. அவ்வளவை எட்ட முயல்வோரின் கடனும் உயர்ந்தது. ஒரு தெருவில் விழாவின் அளவைக் குறிப்பவர் அங்கே மிகுதியாகச் செலவிடுபவரே. அவருடைய விளக்கு வரிசையைப் பார்த்துத்தான் எதிர்வீட்டுப் பிள்ளை தன் தந்தையைக் கேட்கிறது. ஆகவே, விழாச் சிக்கனத்தை முதலில் மேற்கொள்ள வேண்டியவர் இல்லாதவர் அல்லர், உள்ளவரே. தம் கைப்பணம் மிச்சமாகும் என்பதற்காக அன்று. அண்டை வீட்டார் நாணாமல் எளிமையாகக் கொண்டாட வழி உண்டாகும் என்பதற்காக.

விழாச் செலவைக் குறைக்க எண்ணும் குடும்பம் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்றே: இது யார் பங்கிலிருந்து குறைகிறது? தாயின் பங்கிலிருந்தும் கடைசி வீட்டுக் கிழவியின் தட்டிலிருந்தும் குறையுமானால், அது சிக்கனம் அன்று. ஊரார் கண்ணுக்காக வாங்குவதிலிருந்து குறையுமானால், அதுவே சிக்கனம். தெமியாங் மூங்கிலைப் போன்ற ஒரு சிறு குழாயில் ஆண்டெல்லாம் சேர்த்த காசைப் பிளந்தெடுக்கும் நாளில், கேக்கு சிறியதாக இருக்கலாம். பரிசு ஒரு நூலாகவோ எழுதுகோலாகவோ இருக்கலாம். பலகாரத் தட்டு மட்டும் எல்லா வீட்டுக்கும் செல்லட்டும். ஜனவரியில் பிள்ளை புதிய காலணியோடு பள்ளிக்கு நடக்கட்டும்.