ஆதாமுக்கு முந்தைய பற்கள்

கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஜாகின்ஸ் என்றொரு கடலோர ஊர். ஃபண்டி விரிகுடாவின் ஓதம் அரித்துக்கொண்டே இருக்கும் அதன் பாறைச்சரிவில், கல்லாகிப்போன மரங்கள் நின்ற வாக்கிலேயே நிற்கின்றன. 1852இல் புவியியலாளர்கள் சார்லஸ் லையலும் வில்லியம் டாசனும் அப்படியொரு அடிமரத்துக்குள் சின்னஞ்சிறு எலும்புகளைக் கண்டார்கள். 30 கோடி ஆண்டுகளுக்கும் முன் தரையில் நடமாடிய நான்கு கால் உயிர்களுடையவை அவை.

டாசன் அதோடு விடவில்லை. மரம் மரமாக உடைத்துப் பார்த்தார். வெள்ளம் கொண்டுவந்த மணலும் சேறும் மரத்தைச் சுற்றி மூட, உள்ளே அழுகிப் பட்டை மட்டும் குழாயாக மிஞ்சியிருக்கிறது. அந்தப் பொந்துகளில் நத்தை, மரவட்டை, டென்ட்ரெர்பெட்டன் என்ற நீர்நில வாழ்வி, ஒரு சாண் நீள ஹைலோனோமஸ். இந்த ஹைலோனோமஸ் மிகப் பழைய ஊர்வனவற்றுள் ஒன்று. வாய் நிறையக் கூர்ப்பற்கள். பூச்சிகளைக் கடித்து நொறுக்கத் தோதானவை.

சிக்கல் அந்தப் பற்களில்தான்.

டாசன் பிரஸ்பிட்டேரியன் சபையைச் சேர்ந்த அழுத்தமான விசுவாசி. மனிதனின் பாவத்தால்தான் மரணம் உலகுக்குள் வந்தது என்கிறார் பைபிளில் பவுல். மனிதனே இல்லாத காட்டில் இந்த மரவட்டை யார் செய்த பாவத்துக்காகச் செத்தது?

பதில் ஏற்கெனவே தயாராக இருந்தது. பாதிரியாரும் புவியியலாளருமான வில்லியம் பக்லண்ட் 1839இல் ஆக்ஸ்ஃபோர்டில் இதையே பிரசங்கத்துக்கு எடுத்துக்கொண்டார்: ஏதேனில் விதித்த மரண தண்டனை மனிதனுக்கு மட்டும், விலங்குகளுக்கு அல்ல. டாசனும் 1860இல் வெளியிட்ட ‘ஆர்க்கையா’வில் ஆதியாகமத்தின் நாள்களை நெடும் யுகங்களாக வாசித்தார். காலக் கணக்கு நேரானது.

வழக்கு மட்டும் தீரவில்லை, சொல்லப்போனால் இன்னும் இறுகியது. பாவம் காரணம் என்றால் பழி மனிதன்மேல். தண்டனையே இல்லை என்றாகிவிட்டால், அந்தச் சாவு படைத்தவரின் திட்டத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. பக்லண்ட் இதற்கும் அசரவில்லை. நோயிலும் முதுமையிலும் இழுத்துக்கொண்டு கிடப்பதைவிடச் சட்டென இரையாகிவிடுவது கருணை என்று 1836இலேயே எழுதியவர் அவர். ஓர் உயிருக்கு இதைச் சொல்லலாம். டென்ட்ரெர்பெட்டனின் குடும்பத்தில் இன்று ஒன்றுகூட இல்லையே, அது யாருக்குக் கருணை?

இன்னொரு சங்கடம் டாசனின் விளக்கத்திலேயே இருந்தது. பொந்துக்குள் தவறி விழுந்த விலங்குகள் ஏற வழியின்றி மாண்டன என்று அவர் கருதினார். அது சட்டென வரும் சாவல்ல. பின்னால் வந்த ஆய்வாளர்கள் சிலர் பொந்தைப் பொறியாகப் பார்க்கவில்லை. விலங்குகள் விரும்பி ஒதுங்கிய வளை என்றார்கள். அவர்கள் காட்டும் தடயங்களில் ஒன்று, சில மரங்களுக்குள் கிடைத்த கரித்துண்டுகள். பொந்துக்குள் பட்டினிச் சாவு என்பது போய்க் காட்டுத்தீயில் சாவு என்றானது. பக்லண்டின் கருணைக் கணக்குக்கு இதுவும் பெரிய உதவி இல்லை.